முன்னால் வந்து நட்ட வயல்

கல்லூரியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். திரையில் உன் அம்மாவைப் பார்த்ததும் பெருமையாக இருந்திருக்குமே என்று பிறகு பலரும் கேட்டார்கள். இல்லை. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் கொதித்தது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உழைப்பைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்து ஆராய்வது என்று ஒரு விருப்பப் பாடம் இருந்தது. பரீட்சை கிடையாது, படம் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும் என்று மூத்த மாணவிகள் சொன்னதை நம்பிச் சேர்ந்தவர்களே அதிகம். நானும் அந்த ரகம்தான். ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை, பேராசிரியை ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, நம் பக்கத்திலேயே எடுத்த படம் என்று சொல்லி ஒன்றைப் போட்டார். முக்கால் மணி நேரப் படம். முதலில் ஒரு செங்கல் சூளை, அடுத்து உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் ஒரு குடும்பம், கடைசியில் நெல் நடுகை.

கடைசிப் பகுதி தொடங்கி மலை தெரிந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கவாட்டில் மலை அப்படி மடிந்து தெரிவது எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மட்டும்தான். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில், கால்வாய் மதகை ஒட்டிய ரோட்டோர வயல். பதினெட்டுப் பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்து, நாற்று நட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்து நடந்து வருகிறார்கள். பின்னால் மலை, காலடியில் தண்ணீரில் மேகம், மேலே புல்லாங்குழல். வரிசையில் மூன்றாவது ஆள் அம்மா.

வகுப்பில் கைதட்டினார்கள். பேராசிரியை அங்கேயே படத்தை நிறுத்தினார்.

“பாருங்க, தலை குனிஞ்சுதான் இருக்காங்க. ஆனா முன்னேறி வர்றாங்க. உழைக்கிறவங்க எப்பவும் முன்னோக்கித்தான் போறாங்கன்னு டைரக்டர் ஒரே ஷாட்ல சொல்லிட்டார், இல்லையா?”

நாற்பது தலைகள் ஆடின. நாற்று நடுகிறவள் முன்னால் வரமாட்டாள். பின்னால்தான் போவாள். நட்ட நாற்று அவள் கண்ணுக்கு எதிரே இருக்கும், கால் இன்னும் நடாத சேற்றுத் தொளியில் இருக்கும். முன்னால் வந்தால் நட்டதையெல்லாம் அவளே மிதித்துச் சேற்றில் புதைத்துவிட்டு வரவேண்டியதுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அந்த வகுப்பில் பாதிப்பேர் வயலைத் தாண்டித்தான் பஸ் ஏறி வந்தார்கள். மூன்று வேளையும் சோறு தின்கிற நாற்பது பேரில் ஒருத்திக்குக்கூட அது தோன்றவில்லை.

நானும் கையைத் தூக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் மட்டும் நல்லவளாகிவிடுவேன். அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்ட தோழிகளிடம் ‘விவசாயம்’ என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் வயல் எங்களுடையது என்று அவர்கள் எடுத்துக்கொண்டதை நான் திருத்தவும் இல்லை. எழுந்து நின்று “மேம், அது தப்பு” என்றால் அடுத்த கேள்வி ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்பதாக இருக்கும். அதற்குப் பயந்துகொண்டு டெஸ்க்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. எதை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது.

வகுப்பு முடியும்போது பேராசிரியை வேலை கொடுத்தார். படத்தில் ஏதாவது ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது, எங்கே வெட்டியிருக்கிறார்கள், என்ன சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதி, இரண்டு வாரத்தில் வகுப்பில் வாசிக்க வேண்டும். படத்தை எங்கள் செல்போன் குழுவில் அனுப்பிவைத்தார். எனக்கு எந்த ஐந்து நிமிடம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காட்சியால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய வருஷம் கார் நெல் பருவத்தில்தான் படக்காரர்கள் வந்தார்கள். வயல், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியருடையது. ஊரில் அவரைச் சார்வாள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நானும் ஐந்தாம் வகுப்பு வரை அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். எங்கள் தெருப் பெண்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்த நடுகைக் கூட்டத்துக்கு அம்மாதான் பொறுப்பு. எந்த வயலுக்கு என்றைக்கு, யார் வருகிறார்கள், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை எல்லாம் அவள்தான் பார்ப்பாள். சார்வாள் வயலிலும், அந்த வயல்வெளியில் உள்ள மற்ற மூன்று பேர் வயல்களிலும் வருஷக்கணக்காக அவர்கள்தான் நடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் வழக்கம்போலப் பின்னால் நகர்ந்து நடத் தொடங்கியிருக்கிறார்கள். படம் எடுக்கிறவருக்கு அது பிடிக்கவில்லை. நட நட ஆட்கள் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், முகம் சிறிதாகிக்கொண்டே போகிறது. முன்னால் வாருங்கள், ஐந்தே நிமிடம் என்றாராம். நட்டது மிதிபடும் என்று அம்மா மறுத்திருக்கிறாள். வரப்பில் நின்ற சார்வாள்தான், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தம் போட்டிருக்கிறார். ஐந்து நிமிடம் உச்சி வெயில் வரை நீண்டது. திரும்பத் திரும்ப முன்னால் வரச்சொல்லி, ஒரே இடத்தை நாலைந்து தடவை மிதிக்கவைத்துவிட்டுப் படக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். கட்டி வைத்திருந்த நாற்று முடிகள் தீர்ந்துபோயின. மிதிபட்டதைப் பிடுங்கி, தேறியதைக்கொண்டு ஒட்டுப்போட்டு நட்டுவிட்டு வந்தார்கள்.

இருபது நாளில் அந்த ரோட்டோர வயல் சொட்டை சொட்டையாக நின்றது. உள்வயலாக இருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இது டீக்கடைக்கு நேர் எதிரே. போகிற பஸ்ஸிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் யாரோ சார்வாளைக் கிண்டல் செய்ய, அவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். ‘நான் அன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் பேங்குக்குப் போயிருந்தேன், இந்தப் பெண்கள் கேமராவைப் பார்த்ததும் ஆடிப்பாடிக் கெடுத்துவிட்டார்கள்’ என்று. ஒரு கிண்டலைச் சமாளிக்கச் சொன்ன பொய்; படம் எடுத்த அன்று டீக்கடை அடைத்திருந்ததால் அதை மறுக்க அங்கே ஆளில்லை. ஆனால் சொன்ன பிறகு அதை அவரால் விட முடியவில்லை, நாலு இடத்தில் திருப்பிச் சொன்னார். அம்மா நேரே போய்க் கேட்டபோது, “நானா? நான் அங்கனயே இல்லையே” என்று முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

அடுத்து வந்த பிசானப் பருவத்துக்கு அவர் நடவு எந்திரம் கொண்டுவந்தார். மற்ற மூன்று பேரும் அவரைப் பார்த்து எந்திரத்துக்குப் போனார்கள். எந்திரத்தால் வயல் மூலைகளில் திரும்பி நட முடியாது. விட்டுப்போன அந்த மூலைகளை நட மட்டும் அம்மா கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு வயலுக்கு நாலு மூலை. இருபத்தைந்து வருஷம் நட்ட கை, மூலை மூலையாகப் போய் நின்றது. அன்று அம்மா வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு எந்திரம் ஆழத் தொளியில் புதைந்து மானம் போனதால், இந்தக் கார் பருவத்துக்கு நாற்றங்காலில் விதைத்துவிட்டு, அசலூரிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டிவரப் பேசி வைத்திருந்தார்கள்.

அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். “வேலை போனாப் போவுது. எங்க கையைக் குத்தம் சொல்லிட்டாரே.”

அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் படத்தைத் திறந்தேன். எனக்கு வேண்டியது மதிப்பெண் அல்ல. சார்வாள் அன்றைக்கு அந்த வயலில் நின்றார் என்பது. அது படத்தில் எங்கேயாவது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கேமரா எதற்கு?

ஆழ்வார்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஜன்னலோர இடம் கிடைத்தால் செல்போனை மடியில் வைத்து, நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டே வருவேன். ஒவ்வொரு காட்சியும் எங்கே தொடங்குகிறது, எங்கே வெட்டுகிறது, கேமரா எங்கே நிற்கிறது என்று. பக்கத்து சீட் அக்கா ஒருத்தி நாலாவது நாள் பொறுக்கமாட்டாமல், “ஏம்மா, இதுல அப்பிடி என்னதான் இருக்கு? நடுதாளுவ, நடுதாளுவ, நட்டுக்கிட்டே இருக்காளுவ” என்றாள். நியாயமான கேள்வி.

முதலில் கண்ணில் பட்டது நிழல். அந்தப் பெண்கள் நடந்து வருவது படத்தில் ஒன்றேகால் நிமிடம்தான். ஒரே மூச்சில் எடுத்ததுபோல ஓடும். ஆனால் தொடக்கத்தில் அவர்கள் நிழல் பக்கவாட்டில் நீண்டு கிடக்கிறது. கடைசியில் காலுக்குக் கீழே சுருங்கிவிடுகிறது. ஒன்றேகால் நிமிடத்தில் சூரியன் உச்சிக்கு ஏறிவிட்டது! ஐந்து நிமிடம் என்று சொல்லி எத்தனை மணி நேரம் பிழிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த நிழலே சாட்சி. அதைக் கண்டுபிடித்தபோது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

இரண்டாவது, பாட்டு. நடுவில் நடவுப்பாட்டு மாதிரி ஒன்று வருகிறது. பெண்கள் வாயைக் கவனித்தால் யாரும் பாடவில்லை. அம்மாவுக்கு அடுத்து நிற்கிற என் சித்தி ஏதோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கேட்டேன். “கேஸ் சிலிண்டர் வந்துருமே, வீட்டுல ஆளில்லையேன்னு பேசிக்கிட்டு கெடந்தா” என்றாள் அம்மா. எங்கிருந்தோ ஒரு பாட்டைக் கொண்டுவந்து சித்தி வாயில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக, மதகுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். தூரத்தில் நகத்தளவுதான் தெரிகிறது. படத்தை நிறுத்தி விரலால் விரித்துப் பெரிதாக்கினால், இருக்கைக்குச் சிவப்புத் துண்டு சுற்றியிருக்கிறது. சீட் சுடும் என்று சார்வாள் எப்போதும் அப்படித்தான் சுற்றி வைப்பார். ஆள் பேங்கில் இருந்தால் ஸ்கூட்டர் தானாக வயலுக்கு வந்ததா? ஆனால் ஸ்கூட்டர் போதாது. யாரோ இரவல் வாங்கினார்கள் என்று சொல்லிவிட முடியும். அவர் ஆசிரியர், பதில் சொல்வதில் கெட்டிக்காரர்.

அதனால் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினேன். செல்போனோடு வந்த காதுக்கருவியில் புல்லாங்குழல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. தச்சநல்லூரிலிருந்து வரும் என் தோழியின் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய பெரிய ஹெட்போனை அவள் இரவல் வாங்கிக் கொடுத்தாள். நூலகத்தில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புல்லாங்குழலுக்கு அடியில் காக்கை கேட்டது, தண்ணீர் சளக் சளக்கென்று கேட்டது, சித்தியின் குரலும் மெலிசாகக் கேட்டது. அப்புறம் அது. குழல் மூச்சு வாங்கி அடுத்த வரியை எடுப்பதற்கு முன்னால், தூரத்திலிருந்து ஒரு ஆண்குரல். ஐந்தாம் வகுப்பு வரை அந்தக் குரலுக்குப் பயந்தவள் நான். எனக்குத் தெரியாமல் போகுமா?

 தோழியின் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “யாரோ திட்டுதாங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா செய்கிற வேலை உட்பட. அவள் ஹெட்போனைக் கழற்றி, “எங்க அண்ணன்கிட்ட குடுத்தா அந்தக் குரலை மட்டும் தூக்கித் தருவான், நாளைக்கே கொண்டுபோவோம்” என்றாள். அவள் அண்ணன் அந்தக் குரல் வரும் பதினொரு விநாடியைத் தனியே வெட்டி, குழலை அமுக்கி, குரலை உயர்த்தி, முழுப் படத்தோடு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

வகுப்பில் வாசிக்கும் நாள் வந்தது. எனக்கு முன்னால் வாசித்த ஆறு பேரில் நாலு பேர், உழைப்பு முன்னோக்கி நடக்கிறது என்பதையே வேறு வேறு வார்த்தையில் எழுதியிருந்தார்கள். நான் நிழலைச் சொன்னேன், பாட்டைச் சொன்னேன். பிறகு இப்படி வாசித்தேன்: “இந்தக் காட்சியில் இவர்கள் செய்வது நடுகை அல்ல. நட்டதை அழிப்பது. கேமரா சேற்றில் இறங்க விரும்பவில்லை. வரப்பில் நின்றுகொண்டு, முகம் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக இவர்கள் வேலையைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. உழைப்பைக் காட்டுவதற்கு எடுத்த படம், அந்த உழைப்பைக் கெடுத்துத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் பழி படமெடுத்தவர் மேல் விழவில்லை.”

பேராசிரியை நெற்றியைச் சுருக்கினார். “பின்னாடி போய்த்தான் நடுவாங்கன்னு எதுல படிச்சே?”

நான் இரண்டு வாரமாகப் பயந்த கேள்வி அதுதான். நின்றுகொண்டிருந்ததால் டெஸ்க்கைப் பார்க்கவும் முடியவில்லை.

“படிக்கலை மேம். வரிசையில மூணாவதா நிக்கிறது எங்க அம்மா.”

 பேராசிரியை கணினியில் அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். எல்லோரும் பார்த்தோம். இந்தத் தடவை பெண்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார்கள். ஒரு கால் தூக்கி வைக்கிறது, அதன் கீழே நாற்று மடங்கிப் போகிறது. அடுத்த கால், அடுத்த நாற்று. “பத்துத் தடவையாவது இதைப் பாத்திருக்கேன்” என்றார் பேராசிரியை. பிறகு, “நான் அன்னைக்குச் சொன்னதை யாரும் எழுதிவச்சிருந்தா அடிச்சிருங்க” என்றார். நான் டெஸ்க்கைப் பார்க்காமல் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். நன்றாக வாசித்தேன் என்பதற்காக அல்ல. அம்மாவை அந்த அறையில் ஆள் தெரியச் சொல்லிவிட்டேன், அதனால்.

வகுப்பில் வாசித்தது வகுப்போடு போயிற்று. ஊரில் அது எதையும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்டிரைவை எடுத்துக்கொண்டு, “வாம்மா, சார்வாள் வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

அம்மா மசியவில்லை. “வேண்டாம்ளா. இனிமே கெடைக்குத மூலையும் போயிரும்.”

“மூலைக்காகவா இத்தனை நாள் பேசாம இருந்தே?”

கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து வேறு சேலை மாற்றிக்கொண்டாள்.

சார்வாள் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலேஜ் எப்படிப் போகிறது என்று கேட்டார். அம்மாவை நேராகப் பார்க்கவில்லை.

“சார்வாள், நம்ம வயல்ல எடுத்தாங்கல்லா, அந்தப் படம் வந்திருக்கு.”

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. படக்காரர்கள் அவரிடம் ஒரு பேட்டியும் எடுத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அரை மணி நேரம் விவசாயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். படத்தில் அதில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

“நான் வருதேனா?” என்றார்.

“ஒரு எடத்துல வருதீங்க சார்வாள்.”

நான் பொய் சொல்லவில்லை. மிச்சத்தை அவரே செய்துகொண்டார். பக்கத்துத் தெருவில் இருந்த அந்த மூன்று வயல்காரர்களுக்கும் போன் போட்டு, “வாரும் வே, நம்ம படம் வந்திருக்கு, டிவில பாப்போம்” என்றார். அவர்கள் வருவதற்குள் உள்ளே போய்ப் பனியனுக்கு மேல் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தன்னை டிவியில் பார்ப்பதற்குச் சட்டை மாற்றிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு நிமிடம் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. வேண்டாம், தனியாகக் கேட்கவைப்போமா என்று தோன்றியது. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் நிலைப்படியில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். தனியாகச் சொன்ன பழியில்லையே அது. பென்டிரைவைச் செருகினேன்.

சூளையும் கருப்பட்டியும் ஓடும்போது சார்வாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுகை வந்ததும் நாற்காலி நுனிக்கு வந்தார். பெண்கள் முன்னால் வந்தார்கள், போனார்கள். படம் முடிந்தது.

“எங்கட்டி, நான் வரவே இல்லையே?”

“இப்ப கேளுங்க சார்வாள்” என்று அந்தப் பதினொரு விநாடியைப் போட்டேன். ரிமோட்டில் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன்.

தண்ணீர்ச் சத்தம். காக்கை. பிறகு சார்வாள்.

“ஏளா, அவாள் சொல்லுதபடி முன்னால வாங்க! மிதிபட்டா மிதிபடட்டும், மத்ததை நான் பாத்துக்கிடுதேன்!”

 நான் இன்னொரு தடவை போட்டேன். வேண்டுமென்றேதான்.

மூன்று பேரில் மூத்தவர்தான் முதலில் வாய் திறந்தார். “அண்ணாச்சி, இது உம்ம தொண்டைல்லா?”

அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு வந்து நின்ற சார்வாளின் மனைவி, “அன்னைக்குப் பேங்குக்குப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போனீய?” என்றார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

சார்வாள் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டிருந்தார். என்னிடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அம்மா நிலைப்படியைத் தாண்டி ஒரு எட்டு உள்ளே வந்தாள். குரல் உயரவில்லை.

“சார்வாள், வயல்ல எந்திரம் விடுங்க, வேன்ல ஆள் கொண்டாங்க, அது உங்க இஷ்டம். எங்க கை கெட்டுப்போச்சின்னு இவங்ககிட்டச் சொன்னீய. இவங்க இருக்கும்போதே அதை மாத்திச் சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

 டிவியில் படம் நின்றிருந்தது. பதினெட்டுப் பெண்களும் குனிந்தபடி நின்றிருந்தார்கள்.

“நான் சொல்லித்தான் அப்பிடி நட்டாளுவ” என்றார் சார்வாள். மூத்தவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, “ஒம் பேர்ல தப்பில்ல. நான் அங்கனதான் நின்னேன்” என்றார்.

அம்மா கண்ணைத் துடைக்கவில்லை, கும்பிடவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குத்தான் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. இவ்வளவு நாள் கறுவிக்கொண்டிருந்தவள் நான், அழுததும் நான்தான்.

பிறகு அம்மா கேட்டாள். “நாத்துக்கு எத்தன நாளாச்சி?”

“நாளையோட இருவத்தி ரெண்டு.”

“ரொம்பத் தள்ளினா நாத்து முத்திரும். புதங்கிழமை காலைல வாரோம். வேன்காரங்களுக்குச் சொல்லிருங்க.”

வேலை கேட்கிற குரல் இல்லை அது. என்றைக்கு வருவது என்று அவள் முடிவு செய்து சொன்னாள், சார்வாள் சரி என்றார். மூத்தவர் தன் வயலுக்கு வெள்ளிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். மற்ற இரண்டு பேரும் அதற்கடுத்த நாட்களைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்து நாலு பேருக்கும் நாள் சொன்னாள். சார்வாளின் மனைவி எங்களுக்கும் காப்பி கொடுத்தார். அம்மா அதை நின்றுகொண்டே குடித்து முடித்தாள்.

நாங்கள் படி இறங்கும்போது மூத்தவருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. உள்ளே கனத்துப்போய்க் கிடந்ததைக் கொஞ்சம் லேசாக்க நினைத்தார் போலிருக்கிறது.

“ஏளா, படக்காரன் மறுபடியும் கேமராவத் தூக்கிட்டு வந்து நின்னா என்ன செய்வே?”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“வரட்டும் அண்ணாச்சி. தொளியில எறங்கி, எங்களுக்குப் பின்னால நின்னு எடுக்கட்டும். நாங்க நட்டுக்கிட்டே அங்கனதான் வருவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள், சார்வாள்கூட. அம்மா சிரிக்கவில்லை.